இரு பற்களும் ஒரு சிங்கமும்: உயிர்ச்சுவட்டு அளவீடு குறித்து

கண்டி அரசின் கொடியில் வாளேந்தி நின்ற சிங்கம் 1815இல் இறக்கப்பட்டு, 1948இல் சுதந்திர இலங்கையில் மீண்டும் ஏற்றப்பட்டது. இவற்றுக்கிடையே, 1939இல், பி. ஈ. பி. தெரணியகல இலங்கையில் அழிந்துபட்ட சிங்க உபஇனம் ஒன்றை விவரித்து, அதற்குப் ‘பந்தேரா லியோ சிங்ஹலேயஸ்’ எனப் பெயரிட்டார். சான்று, குருவிட்டவிற் கிடைத்த இரு பற்கள்.

இக்காலச் சிங்கங்களினதிலும் அது ஒடுங்கி நீண்டிருந்தமையே தனி உபஇனம் என்பதற்கு அவர் காட்டிய நியாயம். அதனைச் சிங்கத்தினதென எவ்வாறு துணிந்தார் என்பது வெளிப்படையாகக் கூறப்படவில்லை என 2005இல் கெலும் மனமேந்திர ஆராச்சி முதலானோர் சுட்டினர்.

பல்லின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது திருத்தமாகவும் இருக்கலாம். ஆயின் எவ்வினாவுக்கு அது விடை? உபஇனம் என்பது ஒரு குடித்தொகையின் பண்பு. அளக்கப்பட்டதோ ஒரு விலங்கின் உறுப்பு. பால், பருமன், பல்தேய்வு ஆகியவற்றால் ஒரே காட்டுச் சிங்கங்களிடையே அவ்விகிதம் எவ்வளவு மாறும் என்பதை அறியாதவிடத்து, இப்பல் அவ்வீச்சுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா எனக் கூறவியலாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, ஒரே அரிசி ஒரே நெருப்பில் வெந்த பானைக்கே பொருந்தும். (பல்தேய்வை ஒன்று, இரண்டு, மூன்று எனத் தரமிட்டுப் பின் சராசரி காண்போரும் உளர். அவ்வெண்கள் வரிசையைக் குறிப்பனவேயன்றி இடைவெளியைக் குறிப்பனவல்ல என்பதை எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இலேயே தெளிவுபடுத்தினார்.)

மாதிரி எங்கிருந்து வருகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். கண்டியைச் சூழ்ந்த தொன்மையான உருமாறிய பாறைகளில் உயிர்ச்சுவடுகள் இல்லை. இரத்தினபுரிப் பகுதியிலோ, சிங்களத்தில் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கச் சரளைப் படையிலிருந்து, குழியில் இறங்கும் தொழிலாளரின் உழைப்பால் அவை வெளிவந்தன. ஆறு அடித்துக் குவித்த சரளையில் அருகருகே கிடப்பவை சமகாலத்தன என்பதற்கு உறுதியில்லை. கல்லுக்குச் சந்தை உண்டு. எலும்பு கிடந்த ஆழத்தைக் குறித்துவைப்பதற்குச் சந்தை இல்லை. அளவுகோலை எடுக்குமுன்னரே உற்பத்திமுறை மாதிரியைத் தெரிந்தெடுத்துவிட்டது எனலாம்.

இரத்தினபுரி விலங்குச் சுவடுகளை ஆய்வுப் பொருளாக்கிய தெரணியகலவின் உள்நோக்கத்தைத் துருவுதல் ஈண்டு நம் பணியன்று. ஆனால் விகிதத்தை நினைவிற் கொள்வோர் சிலர். பெயரையோ, கொடியைக் கண்டோர் யாவரும் இலகுவில் ஏற்பர். கருத்துநிலை நுழையும் வாயில் இதுவே. சொற்களை எண்ணிப் பழந்தமிழ் நூல்களின் காலத்தைத் துணியும் நம்மவரிடமும் இவ்வாயில் திறந்தேயுள்ளது.

அதே 2005ஆம் ஆண்டுக் கட்டுரை, 1962இல் இரத்தினபுரியருகே கிடைத்த பல்லொன்றையும் 1982இற் குருவிட்டவிற் கிடைத்த விரலெலும்பொன்றையும் புலியினவென இனங்கண்டது. இரு இனங்களிடை வேறுபாடு உபஇன வேறுபாட்டினும் பெரிதாகையால் குறைந்த சான்றே போதலாம். எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும், சிங்கத்துக்குக் கேட்ட அதே கண்டிப்புடன், புலிக்கும் கேட்டாகவேண்டும்.