கோட்டுக்கு வெளியே ஒரு கோட்டு

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா பையன் நிதானத்தில் இருக்க மாட்டான். கென்டக்கி யூனிவர்சிட்டியில் எம்.எஸ். படித்தவன். படித்தது கம்ப்யூட்டர், பிடித்துக்கொண்டது பாஸ்கெட்பால். 2024 மார்ச் 22-ம் தேதி, காலைக் காபியில் இருந்தபோது அவனிடமிருந்து போன்.

"போச்சு மாமா."

வயதான காலத்தில் இப்படி ஆரம்பித்தால் வயிற்றைக் கலக்கும். "யாருடா?" என்றேன்.

"ஓக்லண்ட்கிட்ட தோத்துட்டோம்."

அது 'மார்ச் மேட்னஸ்' என்று அமெரிக்கர்கள் செல்லமாகக் கூப்பிடும் காலேஜ் கூடைப்பந்துப் போட்டி. 68 டீம்கள். ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு பிரிவிலும் ஒன்றிலிருந்து பதினாறு வரை தர வரிசை. கென்டக்கி 3, ஓக்லண்ட் 14. இந்த ஓக்லண்ட் கலிபோர்னியா ஊர் இல்லை, மிச்சிகனில் இருக்கும் ஒரு யூனிவர்சிட்டி. ஸ்கோர் 80-76.

பெரிய டீம் சின்ன டீமிடம் தோற்பது எல்லா விளையாட்டிலும் உண்டு, அதற்காக ஐ.எஸ்.டி. போட வேண்டாம். (இப்போது வாட்ஸ்அப், காசு கிடையாது. இருந்தாலும்.) ஆனால் பையனின் புலம்பல் வேறு. "தோத்ததுக்குக் கோபம் இல்லை மாமா. அந்த ஒருத்தன் மூணு பாயின்ட் ஷாட் மட்டும்தான் போடுவான்னு ஊருக்கே தெரியும். எங்க கோச்சுக்கு மட்டும் தெரியலையா?"

அந்த ஒருத்தன் பெயர் ஜாக் கோல்கி. விசித்திரமான ஆட்டக்காரர். ஸீஸன் முழுக்க அவர் எறிந்ததில் ஏறக்குறைய எல்லாமே வளைவுக்கு வெளியிலிருந்து மூன்று பாயின்ட்டுக்கு எறிந்தவை. கூடைக்குக் கீழே போய்ப் போடுகிற வழக்கமே கிடையாது. கென்டக்கிக்கு எதிராகவும் அதையேதான் செய்தார். 20 எறிந்தார், 10 விழுந்தது. மொத்தம் 32 பாயின்ட். ஒரே ஒரு வித்தை தெரிந்தவர் அந்த ஒரே வித்தையால் ஜெயித்துவிட்டுப் போனார். ஒளிவு மறைவு இல்லாத திருட்டு.

இதற்குப் பெரிய மூளை வேண்டாம். ஒரு ஆளை அவர் சட்டையோடு ஒட்டவைத்து, பந்து கைக்கு வருவதற்கு முன்னால் குறுக்கே நிற்கச் சொல்ல வேண்டும். அவர் உள்ளே ஓடினால் ஓடட்டும், அங்கே கிடைப்பது இரண்டுதான். இதைச் சொல்வதற்குத்தான் கோட்டுக்கு வெளியே ஒருவரை, வருஷத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்து நிறுத்திவைக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் கோட்டு சூட்டோடு நிற்பார்கள். கோவிட்டுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கோட்டு போய் டி-ஷர்ட்டும் ட்ராக் பேன்ட்டும் வந்துவிட்டது. சம்பளம் குறையவில்லை.

எங்கள் காலேஜிலும் பாஸ்கெட்பால் டீம் இருந்தது (பேர் வேண்டாம்). நான் அதில் சப்ஸ்டிட்யூட்டுக்கு சப்ஸ்டிட்யூட். பி.டி. மாஸ்டர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று வருஷத்தில் அவர் எங்களுக்குச் சொன்ன வியூகம் ஒரே வார்த்தை. "ஆடுங்கடா." தோற்றுவிட்டு வந்தால் இரண்டாவது வார்த்தையும் வரும், அதை அச்சிட முடியாது.

அவரை ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவர் ஒரு பெரிய பரம்பரையில் வந்தவர் என்று தெரிந்தது. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். 1891 டிசம்பரில், மாஸசூஸட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில், குளிர்காலத்தில் பையன்களை அறைக்குள்ளேயே ஓடவைக்க பீச் பழக்கூடையைச் சுவரில் மாட்டி ஆரம்பித்தார். ஒய்.எம்.சி.ஏ. ஆசாமி. (நம்மூருக்கும் இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் வந்தது. நந்தனத்தில் இருக்கும் உடற்பயிற்சிக் கல்லூரி 1920-ல் ஹாரி பக் தொடங்கியது.) நைஸ்மித் பிறகு கன்ஸாஸ் யூனிவர்சிட்டிக்குப் போய் அங்கே முதல் கோச் ஆனார். வெற்றி 55, தோல்வி 60. கன்ஸாஸின் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரத்தில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்! பாஸ்கெட்பாலுக்குக் கோச் எல்லாம் எதற்கு, சும்மா ஆட வேண்டியதுதானே என்று தன் சிஷ்யர் ஃபாக் ஆலனிடம் அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. எங்கள் வேப்பமரத்தடி சித்தாந்தம்.

ஆலன் கேட்கவில்லை. கோச் ஆனார், ஜெயித்தார், சிஷ்யர்களைத் தயார் செய்தார். அவரிடம் கன்ஸாஸில் ஆடிய அடால்ஃப் ரப்தான் கென்டக்கிக்குப் போய் அதைக் கூடைப்பந்துக் கோயிலாக்கியவர். லெக்ஸிங்டனில் இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த நாற்காலியில் 2009-ல் வந்து உட்கார்ந்தவர் ஜான் காலிபாரி. என் அக்கா பையனின் ரத்தக் கொதிப்புக்குக் காரணகர்த்தா.

காலிபாரி சாமானியர் இல்லை. பள்ளிக்கூடத்தை முடிக்கும் பையன்களில் யார் நாளைய நட்சத்திரம் என்று கண்டுபிடித்து, அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அம்மாவைச் சம்மதிக்கவைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. அங்கே பள்ளி முடித்து ஒரு வருஷமாவது ஆகாமல் என்.பி.ஏ.யில் சேர முடியாது. அந்த ஒரு வருஷத்துக்குத் தங்க மடம் கட்டியவர் அவர். 2012-ல் ஆந்தனி டேவிஸை வைத்து சாம்பியன்ஷிப்பும் ஜெயித்தார். அது வாஸ்தவம்.

ஆனால் ஆள் சேர்ப்பது வேறு, ஆட்டம் சொல்லிக்கொடுப்பது வேறு. கல்யாணத்துக்கு நல்ல காய்கறி வாங்கி வருகிறவரே சமைக்கவும் வேண்டும் என்றில்லை. ஆனால் இவர் கரண்டியையும் யாரிடமும் கொடுப்பதில்லை.

அவருடைய சமையலைப் புரிந்துகொள்ள, கென்டக்கிக்கு முன்னால் அவர் மெம்ஃபிஸ் டீமுக்கு கோச்சாக இருந்த 2008-க்குப் போக வேண்டும். யூட்யூபில் இருக்கிறது. நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். ஏப்ரல் 7, ஸான் அன்டோனியோ, இறுதிப் போட்டி. எதிரே கன்ஸாஸ், நைஸ்மித்தின் அதே கன்ஸாஸ். மெம்ஃபிஸ் அந்த ஸீஸனில் அதுவரை தோற்றது ஒரே ஒரு ஆட்டம். இரண்டு நிமிஷம் 12 விநாடி பாக்கி இருக்கும்போது 60-51. ஒன்பது பாயின்ட் முன்னிலை. ஜெயித்த மாதிரிதான்.

அந்த டீமுக்கு ஒரே ஒரு வியாதி. ஃப்ரீ த்ரோ. எதிராளி இடித்துவிட்டால், 15 அடி தள்ளி நின்று, யாரும் தடுக்காமல், சாவகாசமாகப் பந்தைத் தட்டித் தட்டிக் கூடையில் போட வேண்டிய சமாசாரம். வளையத்தின் விட்டம் 18 அங்குலம், பந்து அதில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிசு. அமெரிக்கக் காலேஜ்களின் சராசரி அரை நூற்றாண்டாக 69 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. மெம்ஃபிஸ் 61. நம்மூர் பரீட்சையில் ஃபர்ஸ்ட் கிளாஸ், அங்கே நாட்டிலேயே கடைசி பெஞ்ச். பத்திரிகைக்காரர்கள் ஸீஸன் முழுக்க இதைக் கேட்டார்கள். வேண்டிய நேரத்தில் விழும் என்கிற ரீதியில் காலிபாரி சமாளித்துக்கொண்டிருந்தார்.

வேண்டிய நேரம் வந்தது. கடைசி 75 விநாடியில் மெம்ஃபிஸ் பையன்கள் ஐந்து ஃப்ரீ த்ரோ எறிந்தார்கள். நாலு விழவில்லை. க்ரிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸ் மூன்று, டெரிக் ரோஸ் ஒன்று. ரோஸ் இரண்டாவதைப் போட்டபோது 63-60. பாக்கி 10.8 விநாடி.

இங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் கை பரபரக்கும். மூன்று பாயின்ட் முன்னிலை. எதிராளி மூன்று பாயின்ட் ஷாட் போட்டால்தான் சமன் செய்ய முடியும். அவர்களை ஷாட்டே எறிய விடாமல் முன்னாலேயே ஃபவுல் செய்துவிட்டால் கிடைப்பது இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டையும் போட்டாலும் நாம் ஒன்று முன்னால். மளிகைக் கடைக் கணக்கு. கன்ஸாஸின் ஷெரான் காலின்ஸ் பந்தோடு ஓடி வருகிறார். ரோஸ் லேசாக இடிக்கிறார். காலின்ஸ் தடுமாறுகிறார், விசில் வரவில்லை. பந்து மாரியோ சால்மர்ஸ் கைக்குப் போகிறது. எறிகிறார். 2.1 விநாடி பாக்கி, 63-63. கூடுதல் நேரத்தில் கன்ஸாஸ் 75-68.

ஃபவுல் செய்யச் சொல்லித்தான் இருந்தேன் என்றார் காலிபாரி. நம்புகிறேன். ஆனால் ரெஃப்ரியின் கண்ணில் படும்படி, அதே சமயம் முரட்டு ஃபவுல் என்று தண்டனை வராதபடி கட்டிப்பிடித்து நிறுத்துவதும் ஒரு வித்தை. அதை ஏப்ரலில், பத்து விநாடி பாக்கி இருக்கும்போது கற்றுத்தர முடியாது. நவம்பரில், காலி அரங்கத்தில், சலிக்கச் சலிக்க நூறு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். ஃப்ரீ த்ரோவும் அப்படியே. மறுநாள் பேப்பர்களில் அந்த இரண்டு பையன்களும்தான் 'தவறவிட்டவர்கள்'. ரோஸுக்கு அப்போது 19 வயது. சம்பளம் கிடையாது, ஸ்காலர்ஷிப் மட்டும். (காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துக் காசு பார்க்கலாம் என்று ஆனதே 2021-ல்தான்.) இத்தனைக்கும் பிறகு ரோஸின் நுழைவுத் தேர்வு மார்க் செல்லாது என்று அந்த ஸீஸனின் 38 வெற்றிகளையும் ரெக்கார்டிலிருந்து அழித்துவிட்டார்கள். காலிபாரி மேல் குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. அதற்குள் அவர் கென்டக்கிக்கு வந்தாயிற்று.

கென்டக்கியிலும் இதே கதை. 2015-ல் 38 ஆட்டம், 38 வெற்றி. கார்ல்-ஆந்தனி டவுன்ஸ், டெவின் புக்கர் என்று பின்னால் என்.பி.ஏ.யைக் கலக்கிய பையன்கள். அரையிறுதியில் விஸ்கான்ஸினோடு 60-56 முன்னிலையில் இருந்தபோது, 35 விநாடிக்குள் ஷாட் எறியாமல் பந்தை இழந்தார்கள். ஒரு தடவை இல்லை, அடுத்தடுத்து மூன்று தடவை. 71-64 தோல்வி. 2022-ல் செயின்ட் பீட்டர்ஸ் என்று ஜெர்ஸி சிட்டியில் ஒரு சின்ன காலேஜிடம், கூடுதல் நேரத்தில், 85-79. அப்புறம்தான் இந்த ஓக்லண்ட். அந்த 2024 டீமில் ஸீஸனின் பெரும்பகுதி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஆடிய இரண்டு பையன்கள், மூன்று மாதம் கழித்து என்.பி.ஏ. தேர்வில் 3-வது, 8-வது ஆட்களாகப் போனார்கள். ஓக்லண்ட் கோச் கிரெக் காம்பி 1984-லிருந்து அதே காலேஜில் இருப்பவர். அவர் வீட்டு வாசலில் வருங்கால நட்சத்திரங்கள் க்யூவில் நிற்பதில்லை.

ரசிகன் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. 2018-ல் முதல் தரத்தில் இருந்த வர்ஜீனியா, 16-ம் தரத்து யு.எம்.பி.சி.யிடம் 20 பாயின்ட்டில் தோற்றது. ஆண்கள் போட்டியில் சரித்திரத்தில் அதுவரை நடக்காதது. கோச் டோனி பென்னட்டை அன்று ஆளாளுக்குக் காய்ச்சினார்கள். அடுத்த வருஷம் அரையிறுதியில் 0.6 விநாடி பாக்கி, ஆபர்னை விட வர்ஜீனியா இரண்டு பாயின்ட் பின்னால். கைல் கை என்ற பையனுக்கு மூன்று ஃப்ரீ த்ரோ. முந்தைய வருஷ அவமானத்தில் அவனும் இருந்தவன். அரங்கமே இரைகிறது. மூன்றும் விழுந்தன. 63-62. இரண்டு நாள் கழித்து சாம்பியன்ஷிப். அக்கா பையனிடம் இதைச் சொன்னேன். "அதைத்தான் மாமா நானும் சொல்றேன்" என்றான்.

2024 ஏப்ரலில் காலிபாரி தானாகவே அர்கன்ஸாஸ் போய்விட்டார். கென்டக்கி அவரை அனுப்புவதென்றால் 3 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்திருக்க வேண்டுமாம். லெக்ஸிங்டனில் பெருமூச்சு விட்டார்கள். பையனின் பி.பி. இறங்கியது. மாத்திரை பாதியாகக் குறைந்ததாக அக்கா சந்தோஷமாகச் சொன்னாள்.

2025 மார்ச் கடைசியில் காலை நேரத்தில் மறுபடி போன். அர்கன்ஸாஸ், டெக்ஸாஸ் டெக்கோடு ஆடி, 16 பாயின்ட் முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் 85-83 என்று தோற்றிருந்தது.

"பாத்தீங்களா மாமா? பத்து நிமிஷம்தான் பாக்கி. பந்தைப் பிடிச்சு வெச்சிருந்தாலே போதும்!"

"டேய், அவர்தான் இப்போ உங்க கோச் இல்லையே? உனக்கென்ன?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னணியில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பசங்க பாவம் மாமா" என்றான்.