எல்லாத் துண்டும் சேர்ந்தது, ஓவியம் தெரிந்ததா?

கொஞ்ச நாளாக ராத்திரி தூக்கம் வருகிறவரை இணையத்தில் ஜிக்சா புதிர் ஆடுவது பழக்கமாகிவிட்டது. அதிலும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்கள்தான். "விளையாடிக்கிட்டே ஓவியம் கத்துக்கலாம்" என்கிறார்கள். நிஜமாகவே கற்றுக்கொள்கிறோமா? என் பதில், பாதி ஆமாம்.

முதலில் அந்தப் பாதி. போட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' படத்தை 100 துண்டாக்கினாலும் சட்டென்று சேர்த்துவிடலாம். கூந்தல், சிப்பி, விரல் என்று எல்லாவற்றுக்கும் தெளிவாக ஓரக்கோடு இருக்கிறது. அடுத்து மோனாலிசாவுக்குப் போனால் திண்டாட்டம். கன்னம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் பிடிபடாது. லியனார்டோ டாவின்சி கோட்டை விட்டுவிட்டு, வண்ணங்களைப் புகை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கரைத்திருக்கிறார். இதற்கு 'ஸ்ஃபுமாட்டோ' என்று பெயர். புத்தகத்தில் பலமுறை படித்த வார்த்தைதான். ஆனால் ஒரு துண்டை வைத்துக்கொண்டு இடம் தெரியாமல் முழித்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

மீதிப் பாதிக்கு வருவோம். ஹான்ஸ் ஹோல்பைன் 1533ல் வரைந்த 'தூதர்கள்' லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர். நடுவே இருக்கும் அடுக்கில் உலக உருண்டை, வானியல் கருவிகள், லூட் என்ற நரம்பு வாத்தியம். புதிர் ஆடுகிறவர்கள் மூலையிலிருந்துதானே ஆரம்பிப்போம்? இடது மேல் மூலையில், பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு சிலுவை. சும்மா பார்த்துவிட்டுப் போயிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். லூட்டில் ஒரு தந்தி அறுந்திருப்பதும் துண்டு தேடும்போதுதான் கண்ணில் பட்டது.

கீழே தரைக்கு மேல் சாய்வாக, நீளமாக ஒரு வெளுத்த கறை. அதையும் பொருத்தினேன். கடைசித் துண்டு உட்கார்ந்ததும் திரையில் வாணவேடிக்கை, வாழ்த்து, எத்தனை நிமிடம் ஆச்சு என்ற கணக்கு. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

ஆனால் அந்தக் கறை ஒரு மண்டையோடு! நேரே நின்றால் தெரியாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய், பக்கவாட்டில் பார்த்தால்தான் உருவம் கூடிவரும். பட்டும் படிப்பும் பதவியும் நிறைந்த படத்தின் குறுக்கே சாவு கிடக்கிறது. இதைப் பார்க்காதவர் 'தூதர்கள்' பார்த்ததாகச் சொல்ல முடியுமா? எல்லாத் துண்டையும் சரியாக வைத்த எனக்கு அந்த விளையாட்டு இதைச் சொல்லவே இல்லை.

என் குறை இதுதான். புதிர் நம்மைக் கிட்டப் போய்ப் பார்க்க வைக்கிறது, எங்கே நின்று பார்ப்பது என்று சொல்வதில்லை. அளவும் காணாமல் போகிறது. மோனாலிசா 77 செ.மீ. உயரம், 'தூதர்கள்' இரண்டு மீட்டருக்கு மேல். போனில் இரண்டும் ஒன்றுதான்.

வாணவேடிக்கைக்குப் பதிலாக ஆண்டு, அளவு, இருக்கும் ஊர், கூடவே "இந்தக் கறை என்ன?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், விளையாட்டு பாடமாகிவிடும். அதுவரை ஒரு யோசனை. 'தூதர்கள்' புதிரை முடித்ததும் போனை மூடிவிடாதீர்கள். வலது ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சாய்த்து, ஒரு கண்ணால் பாருங்கள்.