அட்டை கைக்கு வரும்வரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்கள் பலர் கம்பெனி வாசலை மிதிப்பதில்லை. ஏஜென்ட் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவதை வீட்டிலேயே ஊசியும் தடித்த நூலும் கொண்டு தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை, ஆகவே ஈ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே காலணி, தோல் தொழிலாளர்களுக்கென ஒரு நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, மகப்பேறு, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என அது தரும் உதவிகள் பல.

இவற்றை அறியச் செய்யும் அரசுச் சேவைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூருக்குக் கலெக்டர் ஆபீஸ் திருப்பத்தூரில். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனால் அன்றைய கூலி போச்சு. 1100 என்ற அரசு உதவி எண்ணும் பக்கத்துத் தெரு இ-சேவை மையமும் அந்தக் கூலியைக் காப்பாற்றுகின்றன. ஏழைக்கு இது பெரிய உதவி.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. வாரியத்தில் பதியத் தொழிலுக்குச் சான்று கேட்டால், நாளை தன் தலையில் பொறுப்பு விழுமோ என்று ஏஜென்ட் கையெழுத்துப் போடத் தயங்குவார். ஓ.டி.பி. போகும் செல்போன் கணவரிடம் இருக்கும். வீட்டில் உருது பேசும் பெண்ணுக்குத் தமிழ் விண்ணப்பம் பிடிபடாது. எந்தத் திட்டம், எங்கே மனு என்பதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். சான்றை வேறு யாரிடம் வாங்கலாம், தள்ளுபடியானால் எங்கே முறையிடலாம் என்பதற்கு அந்தப் பெண்ணின் நிலையறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடம் காலியாக இருப்பதால்தான் புரோக்கர் வந்து உட்காருகிறார்.

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், தகவலோடு ஆலோசனையும் தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. நமக்கு முன்மாதிரி உள்ளூரிலேயே உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ரூசா அமைப்பு 1977 முதல் கே.வி.குப்பம் கிராமங்களுக்குள் சென்று பணியாற்றுகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. மாத்திரை போகும் வீட்டுக்கு ஆலோசனையும் போகலாம்.

வீடு தேடிப் போக ஆள் வேண்டும், செலவாகும் என்பது உண்மை. போகிறவரே கட்சிக்காரராகவோ கமிஷன் வாங்குபவராகவோ மாறும் ஆபத்தும் உண்டு. அதற்கு மருந்து கணக்கை மாற்றுவதுதான். எத்தனை மனு வாங்கினோம் என்ற எண்ணிக்கையை விட்டு, எத்தனை பேர் கைக்கு வாரிய அட்டை வந்தது, எத்தனை பேருக்குப் பணம் ஏறியது, மறுக்கப்பட்டவை ஏன் மறுக்கப்பட்டன என்று வார்டு வாரியாக வெளியிட வேண்டும். உதவி வந்து சேராதவரை, தகவல் சொன்னவரின் கடமை முடிந்ததாகக் கொள்ள முடியாது.