பெயருக்குள் ஒரு வாக்கியம்

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். புனித சூசையப்பரே அதன் தலைவர். ஆயினும் நூலைத் திறப்பவர் அங்கே காண்பது வளன் என்னும் பெயர். திருமுழுக்கு யோவானோ கருணையன் ஆகிவிடுகிறார். அயல்மொழிப் பெயர்களை அழகிய தமிழ்ப் பெயர்களாக்கினார் என்று முனிவரைப் பாராட்டாத தமிழாசிரியர் அரியர். பாராட்டு தகுதியானதே. ஆனால் ஆய்வு அந்தப் பாராட்டோடு நின்றுவிடுவது வியப்பளிக்கிறது. கருணை என்பது வடசொல் அன்றோ? எனவே தனித்தமிழ் நாட்டம் ஒன்றே இப்பெயர்களுக்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. முனிவர் தேடியது வேறொன்று.

கம்பர் வழியை ஒப்புநோக்கினால் இது விளங்கும். லட்சுமணனை இலக்குவன் என்றும், விபீஷணனை வீடணன் என்றும் அவர் தமிழாக்கினார். அங்கே மாறியது ஒலி மட்டுமே. பொருளை அவர் பெயர்க்கவில்லை. சூசை என்னும் வழக்கும் அத்தகையதே. போர்த்துக்கீசியர் வாயில் வழங்கிய ஒலி, தமிழர் நாவுக்கு ஏற்ப உருமாறி வந்தது. வீரமாமுனிவர் ஒலியைக் கடந்து, எபிரேயப் பெயரின் வேர்ப்பொருளுக்கே சென்றார். யோசேப்பு என்பது பெருகுதல், மேலும் கூடுதல் என்னும் பொருளுடைய வினையடியில் பிறந்த பெயர். அதனை அவர் வளன் என்றார்.

இச்சொல்லின் நுட்பம் எளிதில் கண்ணில் படுவதில்லை. நலம் நலன் ஆவது போல வளம் வளன் ஆகும். இலக்கணம் இதனை மகர னகரப் போலி என்னும். ஆனால் 'ன்' ஆண்பாற் பெயர்களின் ஈறாகவும் வருவது. ஆகவே வளன் என்று சொல்லும்போது, செழிப்பு என்னும் பண்பும் அப்பெயர் தாங்கிய ஆடவனும் ஒரே சொல்லில் நிற்கின்றனர். காப்பிய மரபுப்படி நாட்டின் வளத்தையும் நகரின் வளத்தையும் பாடிய பின்னரே முனிவர் தலைவனின் பிறப்புக்கு வருகிறார். நிலத்தைக் குறித்த சொல்லே மனிதனின் பெயராகி விடுகிறது. யாப்பிலும் இது எளிது. யோசேப்பு மூன்று அசைகளைக் கேட்கும். வளன் ஒரே நிரையசை, எந்தச் சீரிலும் அமர்ந்துகொள்ளும். இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்குப் பின் தமிழ் கற்ற ஒருவரின் காதில் இத்தனையும் கேட்டிருக்கின்றன!

எனினும் இங்கே ஒன்று கைநழுவிப் போனது. தொடக்க நூலின் முப்பதாம் அதிகாரத்தைப் பாருங்கள். நெடுநாள் பிள்ளையின்றி வருந்திய இராகேல் மகனைப் பெற்றெடுக்கிறாள். ஆண்டவர் எனக்கு இன்னொரு மகனையும் கூட்டித் தருவாராக என்னும் வேண்டுதலையே அவனுக்குப் பெயராகச் சூட்டுகிறாள். தமிழ் இலக்கணத்தில் சொன்னால் அது வியங்கோள் வினை. அதன் எழுவாய் குழந்தை அன்று, கடவுள். அவ்வேண்டுதல் கேட்கப்படுகிறது, ஆனால் இரண்டாம் மகனைப் பெறும்போது இராகேல் இறந்துபோகிறாள். சாகும் வேளையில் அவனுக்கு அவள் இட்ட பெயர் என் துயரத்தின் மகன் என்று பொருள்படும் பெனோனி. தந்தையோ அதை மாற்றி, வலக்கையின் மகன் எனப் பொருள்படும் பென்யமின் என்று அழைக்கிறார். ஏக்கமும் நம்பிக்கையும் இறப்பும் யோசேப்பு என்னும் பெயரைத் தொடர்ந்து நிற்கின்றன. வளன் என்னும் பெயரில் ஏக்கம் இல்லை. அது நிறைந்துவிட்ட ஒருவனின் பெயர். நாசரேத்துத் தச்சருக்கு அது பொருந்துமா என்று கேட்டால், முனிவரின் விடை காப்பியத்தின் முடிவில், முடிசூட்டுப் படலத்தில் இருக்கிறது. விண்ணக முடியை முன்னிட்டு மண்ணுலகிலேயே சூட்டிய பெயர் அது. அந்த விடையை நான் மதிக்கிறேன். ஆனால் இராகேலின் குரல் அதில் கேட்கவில்லை.

கருணையன் என்பதிலும் இதே நிலை. யோவான் என்னும் பெயருக்கு, ஆண்டவர் இரக்கம் காட்டினார் என்பது பொருள். எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம் அது. கருணையன் என்றவுடன் இரக்கம் காட்டுபவர் அந்த மனிதரே ஆகிவிடுகிறார். கடவுளின் செயல் மனிதனின் பண்பாக மாறுகிறது. ஒட்டக மயிராடை உடுத்தி, விரியன் பாம்புக் குட்டிகளே என்று கூட்டத்தைக் கடிந்துகொண்டவரை நினைத்தால் அப்பண்பு அவருக்கு எளிதில் பொருந்துவதும் இல்லை. இரக்கம் பெற்றவர்கள் முதிய வயதில் மகனைக் கண்ட எலிசபெத்தும் செக்கரியாவும்.

லூக்கா வரையும் அந்தப் பெயர்சூட்டுக் காட்சியைத் தமிழ் வாசகர் போல் உணரக்கூடியவர் சிலரே. உறவினர் கூடித் தந்தையின் பெயரை இட முனைகின்றனர், தாய் மறுக்கிறாள், உம் உறவில் இப்பெயர் யாருக்கும் இல்லையே என்கின்றனர் அவர்கள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதாலேயே மகனின் மகனைப் பெயரன், பேரன் என்று அழைக்கும் இனம் நம்முடையது. குடும்பப் பெயர் வரிசையை உடைப்பது எவ்வளவு பெரிய செயல் என்பது நமக்குத் தெரியும். பேச்சிழந்த செக்கரியா பலகையில் அப்பெயரை எழுதியதும் நா கட்டவிழ்கிறது.

நம் முன்னோர் வழங்கிய பெயர்களையும் இவ்வாறே எடைபோட வேண்டும். யோவானை அருளப்பர் என்றனர். அருள் என்னும் சொல், அது எங்கிருந்து வந்தது என்ற நினைவைக் கருணையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காக்கிறது. பேதுருவுக்கு வழங்கிய இராயப்பர் என்னும் பெயரில் பாறை இல்லை, தலைமை இருக்கிறது. பெயரை விட்டுப் பதவியை மொழிபெயர்த்தார்கள் எனலாம். சின்னப்பர் என்பதோ எனக்கு மிகவும் உவப்பானது. பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருள். சின்ன என்னும் சொல் அதை அப்படியே தர, அப்பர் என்னும் சொல் மரியாதையைச் சேர்க்கிறது. இரண்டும் இணைந்தால் தமிழன் காதில் தந்தையின் தம்பி வந்து நிற்கிறார். திருத்தூதர்களுள் தாம் கடையர் என்று எழுதியவருக்கு இதைவிட நெருக்கமான பெயர் வேறு எம்மொழியில் வாய்த்தது?

1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோவான், பேதுரு, பவுல் என்னும் வடிவங்களையே ஏற்றது. பிற சபையினரோடு ஒரே நூலை வாசிக்க இது தேவைப்பட்டது. அதனை நான் குறைகூறவில்லை. மத்தேயுவே இம்மானுவேல் என்னும் ஒலியை வைத்துக்கொண்டு பொருளைப் பக்கத்தில் எழுதியவர்தாம். ஆனால் நம் வீடுகளில் இன்று பக்கத்தில் எழுதப்படும் பொருள் எத்தகையது? குழந்தைப் பெயர்ப் புத்தகங்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொல் தருகின்றன. யோசேப்பு: வளர்ச்சி. யோவான்: அருள். மரியா: கடல் விண்மீன். இவற்றுள் கடைசியானதற்கு, கடல் துளி எனப் பொருள்பட்ட இலத்தீன் தொடர் படியெடுத்தோர் கையில் விண்மீனாக மாறியதே காரணம் என அறிஞர் பலர் கருதுவர். அதனால் பிறந்த பாடல்களை இழக்க எவரும் விரும்பார், நானும் விரும்பேன். என் குறை வேறு. ஒற்றைச் சொல் பொருளில் வாக்கியம் செத்துவிடுகிறது. வேண்டியவர் யார், வேண்டப்பட்டவர் யார் என்பதே மறைந்துவிடுகிறது.

வாக்கியத்தின் எழுவாயைக் கைவிடாத மொழிபெயர்ப்பு ஒன்று நம்மிடம் உண்டு. எலயாசர் என்னும் எபிரேயப் பெயருக்குக் கடவுள் உதவினார் என்பது பொருள். அது கிரேக்கத்தில் குறுகி இலாசர் ஆயிற்று. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நட்டாலத்து நீலகண்டனுக்கு அப்பெயரே இடப்பட்டது. தமிழில் அதைத் தேவசகாயம் என்றனர். இரண்டும் வடசொற்கள். காப்பிய அழகில் வளனுக்கு இணையாகாது. ஆனால் இங்கே உதவுபவர் தேவன். பெயர் தாங்கியவர் உதவி பெற்றவர். அப்பெயரோடு அவர் சிறையும் சித்திரவதையும் கண்டு, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உதவி எங்கே வந்தது என்று கேட்பவருக்கு, இராகேலின் கதையைப் போலவே இப்பெயரும் எளிய விடை தருவதில்லை.

2012-இல் அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயரும் சேர்ந்தே வந்தது. 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அது விடப்பட்டது. இலாசரும் தேவசகாயமும் நின்றன.