ஜமீன் கதைகளில் கணக்குப்பிள்ளை எங்கே போனார்?

விக்டோரியா காலத்தை வைத்து ஆங்கிலத்தில் காதல் கதை எழுதுகிறவர்கள் முதலில் காதலைத் தேடிப் போவதில்லை. அடுப்புக்கரியை விடிகாலையில் யார் அள்ளினார்கள், பெண் வெளியே போனால் கூட யார் போகணும், தபால் எப்போ வரும் என்றுதான் தேடுகிறார்கள். அன்றைய லண்டனில் தபால் ஒரே நாளில் பலமுறை வந்தது. காலையில் சண்டை போட்டவன் சாயங்காலத்துக்குள் கடிதத்தில் மன்னிப்பு கேட்டுவிடலாம். அந்தச் சின்னத் தகவலை எடுத்துவிட்டால் கதையே நகராது. (பலர் விக்டோரியா காலம் என்று நினைத்துப் பார்க்கும் 'பிரிட்ஜர்டன்' தொடர் 1813இல் தொடங்குகிறது. விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837இல்.)

நம்ம சரித்திரக் காதல் கல்கி, சாண்டில்யன் வழியில் நேரே சோழர் காலத்துக்குத் தாவிவிடும். நடுவில் இருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வெகுஜனக் காதல் கதைகளில் கிடைத்தது ஒரே ஒரு வேஷம்: ஜமீன் வாரிசு. மீசை, குதிரை, சரவிளக்கு, வளைந்து இறங்கும் மாடிப்படி. எந்த வருஷம் என்று கேட்டால் பதில் கிடையாது. இந்தப் பணக்காரருக்குப் பணம் எங்கிருந்து வருது என்று கேட்டாலும் கிடையாது.

சங்கரன்கோவில் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் சிவகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையமாக இருந்து, 1803இல் வந்த நிரந்தரத் தீர்வையில் ஜமீனாக மாறிய ஊர். அதாவது படை வைத்திருந்தவர் பேஷ்குஷ் கட்டுகிறவர் ஆனார். அந்த ஜமீன் சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்தது வீரத்துக்காக இல்லை, கடனுக்காக. தகப்பன் வாங்கிய கடனுக்கு வாரிசாக வந்த மகனின் ஜமீன் பொறுப்பா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1882இல் தீர்ப்பானது. கடன் கொடுத்த செட்டியார் பக்கம்தான் ஜெயித்தது. அன்றைய இந்துச் சட்டப்படி மகன் தப்பிக்க ஒரு வழி இருந்தது: அப்பா ஒழுக்கக்கேடான காரியத்துக்காகத்தான் அந்தக் கடனை வாங்கினார் என்று நிரூபிக்கணும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். சொத்தைக் காப்பாற்ற, செத்துப்போன தகப்பனின் மானத்தைக் கோர்ட்டில் ஏலம் விடவேண்டிய ஒரு இளைஞன். ஆங்கில விக்டோரிய நாவலின் உயிரே கடனும் வாரிசுரிமையும்தான். அவர்கள் கற்பனை பண்ணிக் கட்டியதை நம்ம ஊர் வழக்காகவே நடத்தியிருக்கு. ஆனால் நம்ம ஜமீன் கதாநாயகனுக்குக் கடனே கிடையாது, சோகம் மட்டும் உண்டு. சாஃப்ட்வேர்காரன் பாஷையில், முகப்பை மட்டும் எழுதி பின்னாடி டேட்டாபேஸே வைக்காமல் விட்டமாதிரி.

தகவலுக்குப் பஞ்சமில்லை. தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876இல். அந்தப் பாதையில்தான் கோவில்பட்டி. சங்கரன்கோவிலுக்கு ரயில் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. அதனால் சிவகிரிக்காரர் கோவில்பட்டியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தால் ஒரு ராத்திரி போதாது. 1879இல் காலணாவுக்குத் தபால் கார்டு வந்தது. மூடி ஒட்டாத அந்தக் கார்டை வழியில் யார் வேணும்னாலும் படிக்கலாம். லண்டன் காதலனுக்கு உறை போட்ட கடிதம் வாய்த்ததென்றால், இங்கே ஏழைக்கு வாய்த்தது ஊரே படிக்கும் கடிதம். எழுதத் தெரியாதவருக்கு அதை இன்னொருவர் எழுதித் தரணும், வாசித்தும் காட்டணும். அந்த இன்னொருவர் யார் என்பதில் ஒரு நாவல் இருக்கு.

அப்புறம் ஏன் யாரும் எழுதவில்லை? சோம்பல் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவரத்துக்குள் இறங்கினால் சரவிளக்கு அணைந்துவிடும் என்ற பயம்தான். ஆங்கிலக் கதை பெண்ணின் கவுனை ரெண்டு பக்கம் வர்ணிக்கும். மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளவே கலவரமும் 1859இல் ராஜாவின் பிரகடனமும் தேவைப்பட்டன. 1891 வரைக்கும் சம்மத வயது பத்து; அதைப் பன்னிரண்டு ஆக்கியதற்கே பெரிய எதிர்ப்பு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் செத்தவர்கள் பல லட்சம். 1895இல் கழுகுமலை, 1899இல் சிவகாசி என்று சாதிக் கலவரங்கள். பூமணியின் 'அஞ்ஞாடி' இந்தக் கரிசல் நெருப்பைத்தான் தொட்டது. வாசிக்க இனிக்காத, ஆனால் வருஷம் தெரிந்த நாவல்.

அதுக்காக அந்தக் காலத்தில் காதலே கிடையாது என்று சொல்வதும் தப்பு. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இலிருந்து தொடராக வந்தபோது அது சரித்திரக் கதை இல்லை, சமகாலக் கதை. சின்ன வயதிலேயே கல்யாணமான லட்சுமியும் ஸ்ரீநிவாசனும் அதற்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிக்கிறார்கள். நம்ம 'சந்திப்பு' அங்கே கல்யாணத்துக்குப் பின்னாடி வருது. இந்த வரிசை மாற்றத்தை இன்றைய எழுத்தாளர் பயன்படுத்தினால் எவ்வளவு கிடைக்கும்! சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன் ஆதரவில், முப்பதைத் தொடாமலே முடிந்த வாழ்க்கையில் காவடிச்சிந்து பாடினார். கழுகுமலை முருகனுக்குக் காவடி சுமந்து நடக்கிற கூட்டத்தின் காலுக்கு ஏற்ற மெட்டு. உள்ளே ஒரு பெண்ணின் விரகம் கொதிக்கும். பக்திக்குள் வைத்துப் பாடியதால் வாய்விட்டுப் பாட முடிந்தது. விக்டோரியா ஆண்ட காலத்தில் இந்தப் பக்கத்து ஆசையின் குரல் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்கள் மாடிப்படியை விட்டு இறங்கி, முதலில் அந்தச் சிந்தைப் படிக்கலாம். பிறகு ஜமீன் கடன் பத்திரங்களை.