ஏரியைப் பார்ப்பதும் ஏரியில் இறங்குவதும்: அட்வுட்டின் ‘சர்ஃபேசிங்’ பற்றிச் சில குறிப்புகள்

ஒரு வாக்குமூலத்தோடு ஆரம்பிக்கிறேன். ஒரு நாவலைப் படித்துவிட்டு, அதில் வரும் பெண்ணைப் போலவே கனூவிலிருந்து ஏரிக்குள் குதித்தவன் நான். குதித்த அடுத்த நொடி, கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஊருக்குத் திரும்பி நாவலை மறுபடி எடுத்துப் படித்தபோது, முதல் வாசிப்பில் எவ்வளவு கோட்டை விட்டிருக்கிறேன் என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். (நாவலின் முடிச்சுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் அல்கான்குயின் பூங்கா வரும். 1893-ல் அமைத்தது. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிட வேண்டாம். 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, அதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட ஏரிகள். கனூ என்கிற மெல்லிய துடுப்புப் படகில் ஓர் ஏரியைக் கடப்பது, பிறகு அதே கனூவைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரி வரை காட்டுப்பாதையில் நடப்பது, மறுபடி துடுப்பு. இப்படி நாலைந்து நாள் போவது இங்கே கோடைக்கால வழக்கம். தோள் கழன்று, கொசுக்கடி வாங்கி, சாயங்காலம் கூடாரம் போடும் இடத்துக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் காரியம் ஏரியில் இறங்குவது. குளியலறை, குளியல், விளையாட்டு எல்லாமே அதுதான்.

ஆனால் கனடிய ஏரிகளைப் பற்றிய கலையில் இந்த இறங்குதல் அபூர்வம். டாம் தாம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அல்கான்குயினை வரைந்தே புகழ் பெற்றவர். அவருடைய ‘தி ஜாக் பைன்’, ‘தி வெஸ்ட் விண்ட்’ இரண்டிலும் முன்னால் மரம், பின்னால் ஏரி, அதற்கும் அப்பால் மலை. மனுஷ வாடையே கிடையாது. நீர் அங்கே ஒரு பரப்பு. வெளிச்சம் விழுவதற்கான இடம். இத்தனைக்கும் தாம்சன் இறந்ததே தண்ணீரில்தான். 1917 ஜூலை 8-ஆம் தேதி கனூவில் கிளம்பினார். எட்டு நாள் கழித்து, கனூ லேக் என்றே பெயர் கொண்ட ஏரியில் உடல் மிதந்தது. அவர் வரைந்த நீர் ஒன்று, அவரை விழுங்கிய நீர் இன்னொன்று. இந்த இரண்டு நீரையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த நாவல் என்று நான் நினைப்பது மார்கரெட் அட்வுட் 1972-ல் எழுதிய ‘சர்ஃபேசிங்’.

கதை சுருக்கமாக: பெயர் சொல்லப்படாத ஒரு பெண், வடக்கு கியூபெக்கில் ஓர் ஏரித் தீவில் இருக்கும் தன் குழந்தைப் பருவ வீட்டுக்கு வருகிறாள். அங்கே தனியாக இருந்த அப்பாவைக் காணவில்லை. கூடவே காதலன் ஜோ. டேவிட், ஆனா என்கிற ஒரு தம்பதி. அப்பாவின் மேஜையில் விசித்திரமான உருவங்கள் கிறுக்கிய தாள்கள் கிடைக்கின்றன. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று முதலில் பயப்படுகிறாள். அப்புறம்தான் தெரிகிறது, அவை பழங்குடிகள் பாறைகளில் தீட்டிய ஓவியங்களின் நகல்கள். வரைபடத்தில் அப்பா குறித்து வைத்த ஓர் இடத்தைத் தேடிக் கனூவில் போகிறாள். செங்குத்தான பாறைதான் இருக்கிறது, ஓவியம் இல்லை. அணை கட்டி ஏரியின் மட்டத்தை உயர்த்திவிட்டார்கள். இருந்தால் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும். ஆகவே குதிக்கிறாள்.

பொதுவாக இந்தக் காட்சியை ஒரு குறியீடாகத்தான் வாசிப்பார்கள். நீர் என்றால் ஆழ்மனம், மூழ்குவது என்றால் மரணம், மேலே வருவது என்றால் மறுபிறப்பு. அவள் ஒருமுறை அல்ல, பலமுறை மூழ்குகிறாள். கடைசி முறை கீழேயிருந்து கருப்பாக ஏதோ ஒன்று மிதந்து வருகிறது. உயிரில்லாத ஒன்று. அது அப்பாவா, அவள் கலைத்த கருவா என்பது அவளுக்கே குழம்புகிறது. அதுவரை தனக்கும் நமக்கும் சொல்லிவந்த கல்யாணக் கதை, பிரசவக் கதை எல்லாம் அங்கே உடைகிறது. குறியீடு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நேராகக் குறியீட்டுக்குத் தாவுகிறவர்கள் நடுவில் இருக்கும் தண்ணீரைத் தவறவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தவறவிட்டேன்.

முதல் தடவை படித்த சூட்டில், மே மாதக் கடைசியில் ஒரு நண்பரோடு அல்கான்குயின் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பல வருஷமாகக் கனூ ஓட்டுகிறவர். நான் தஞ்சாவூர்ப் பக்கம். கிணற்றிலும் குளத்திலும் குதித்து வளர்ந்தவன் என்கிற திமிர் எனக்கு உண்டு. ஏரி நடுவில் ஒரு பாறைச் சுவரைப் பார்த்ததும் நாவல் ஞாபகம் வந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டேன், எழுந்தேன், குதித்தேன்.

அங்கே பனிக்கட்டி உருகியே ஒரு மாசம்தான் ஆகியிருக்கும். தண்ணீர் தொட்டதும் நெஞ்சு தானாக மூச்சை இழுத்தது. நான் இழுக்கவில்லை, அதுவாக இழுத்தது. வாய்க்குள் தண்ணீர். கையும் காலும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி. மேலே வந்தபோது நண்பர் கத்திக்கொண்டிருந்தார்: “என்ன விசர் வேலை பாக்கிறீர்! கனூவைப் பிடியும், விடாமப் பிடியும்!” பிடித்தேன். படகில் ஏற முடியவில்லை. பிடித்தபடியே கிடக்க, அவர்தான் கரைக்கு இழுத்துப் போனார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் உடல் என்ன ஆகிறது என்று ஆராய்கிறவர், இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிஷம். கைகால்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம். குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம். முதல் நிமிஷத்தில் தண்ணீர் குடித்துவிட்டால் மற்ற இரண்டு கணக்குக்கும் வேலையில்லை. 1978 ஜூனில் டிமிஸ்கமிங் ஏரியில் ஒரு பள்ளியின் கனூப் பயணம் கவிழ்ந்து, 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றதும் குளிர்தான்.

இதற்கெல்லாம் பிறகு நாவலைத் திறந்தால் அது வேறு புத்தகமாக இருந்தது. அட்வுட் தன் பெண்ணைக் கோடைக்காலத்தில் குதிக்க வைக்கிறார். கனூவில் எழுந்து நிற்கும்போது அது ஆடுவதையும் அவள் சமாளிப்பதையும் சொல்கிறார். மூழ்க மூழ்க நிறம் மாறுகிறது, நீர் அடுக்கு அடுக்காகக் கனக்கிறது. இதை நான் கவித்துவம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். இல்லை, அது நிஜம். ஆழமான ஏரிகளில் கோடையில் மேல்நீர் 20 டிகிரிக்கு மேல் போகும். சில மீட்டர் கீழே திடீரென்று வெப்பம் சரியும். அடியில் நாலைந்து டிகிரிதான். நீர் உண்மையிலேயே அடுக்காகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றிலும் கீழே போகப் போகச் சில்லென்று இருக்கும், ஆனால் அந்தக் குளிர் ஆளைக் கொல்லாது. அந்த ஏரியிலேயே வளர்ந்த பெண்ணுக்கு இதெல்லாம் உடம்பில் ஊறியது. எனக்கு அது வெறும் வாக்கியம்.

இரண்டாம் வாசிப்பில் பிடிபட்ட இன்னொன்று கேமரா. டேவிடும் ஜோவும் கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்துத் திரிகிறார்கள். படகுத்துறையில் ஆனாவை மிரட்டித் துணியைக் களைய வைத்து அதையும் எடுக்கிறார்கள். அவள் கடைசியில் ஏரிக்குள் பாய்ந்துதான் அந்தக் கண்ணாடிக் கண்ணிலிருந்து தப்புகிறாள். பின்னால் கதைசொல்லி அந்தப் படச்சுருளை இழுத்து அவிழ்த்து ஏரியிலேயே போடுகிறாள். அப்பாவின் உடல் கிடைக்கும்போது கழுத்தில் கனமான கேமரா. உடலை அடியிலேயே பிடித்து வைத்தது அந்தக் கனம்தான் என்கிறார்கள். பார்க்க வந்தவனைப் பார்க்கும் கருவியே அமுக்கிவிட்டது. அவர் மகள் அதே இடத்தில் வெறுங்கையோடு இறங்கி மேலே வருகிறாள். பார்ப்பதற்கும் இறங்குவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கமும் கொடுக்கவில்லை என்பதுதான் அட்வுட்டின் கெட்டிக்காரத்தனம்.

குறையும் உண்டு. அவளைக் குணப்படுத்துவது பழங்குடிகளின் புனித இடம். அந்த ஜனங்கள் எங்கே? அவள் ஞாபகத்தில் கனூவில் வந்து புளூபெரி பறித்துப் போகும் ஒரு குடும்பமாக வருகிறார்கள், அவ்வளவுதான். ஒன்டாரியோவின் மசினா ஏரியில் இன்றும் செங்காவியில் தீட்டிய 260-க்கும் மேற்பட்ட உருவங்கள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கின்றன. தண்ணீரில் போனால்தான் அருகே பார்க்க முடியும். அவை அனிஷினாபே மக்களுக்கு வாழும் பாரம்பரியம். தொலைந்துபோன நாகரிகத்தின் மிச்சம் என்று அவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை. நாவலில் அந்தக் கடவுள்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் காயத்துக்கு மருந்தாக இரவல் வாங்கப்படுகிறார்கள். ஓவியத்தை மூழ்கடித்த அணை அந்த மக்களின் எதையெல்லாம் சேர்த்து மூழ்கடித்திருக்கும் என்ற கேள்வியை நாவல் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. நாம் ‘கன்னிக் காடு’ என்று மெய்மறக்கும் அல்கான்குயினிலும் மரக் கம்பெனிகள் கட்டைகளை மிதக்கவிட்டு அனுப்ப அணை கட்டி நீர்மட்டத்தை ஏற்றியிருக்கின்றன. நான் குதித்த ஏரியின் கரையிலும் செத்த மரக்கட்டைகள் நீரில் நின்றன. இயற்கை என்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன்.

அட்வுட்டுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1991-ல் வந்த ‘வில்டர்னஸ் டிப்ஸ்’ தொகுப்பில் ‘டெத் பை லேண்ட்ஸ்கேப்’ என்றொரு கதை. பெண் பிள்ளைகளின் கோடை முகாம், கனூப் பயணம். கிளம்பும்போது முகாம் தலைவி முகத்தில் கோடு போட்டுக்கொண்டு செவ்விந்திய வேஷம் கட்டி வழியனுப்புகிறாள். இந்த முறை அட்வுட் அந்த இரவல் சடங்கைப் பார்த்துச் சிரிக்கிறார். வழியில் ஏரியைப் பார்த்த ஓர் உச்சிப்பாறை. இங்கிருந்து குதித்தால் எப்படி இருக்கும் என்கிற மாதிரி லூசி ஒரு பேச்சு விடுகிறாள். கொஞ்ச நேரத்தில் அவளைக் காணோம். கிடைக்கவே இல்லை. அவள் தோழி லோயிஸ் வயதான பிறகு வீட்டுச் சுவர் நிறைய தாம்சன் மாதிரியான ஓவியர்களின் நிலக்காட்சிகளை வாங்கி மாட்டி, அதில் லூசியைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். இங்கே யாரும் மூழ்கி எழவில்லை, யாருக்கும் குணமும் ஆகவில்லை. ‘சர்ஃபேசிங்’கை விட இது நேர்மையான கதை. ஆனால் மறுபடி மறுபடி நான் திரும்பிப் போவது நாவலுக்குத்தான். அதில் தண்ணீரின் எடை இருக்கிறது.

நாவல் என்னை ஏமாற்றியதா? இல்லை. தனியாகக் குதித்தவளின் கதையாக அதை நான் ஞாபகம் வைத்திருந்தேன். மூச்சு முட்டி மேலே வரும்போது, அவளைத் தேடிக்கொண்டு வந்த ஜோ அங்கே இருக்கிறான் என்பதை மறந்துவிட்டேன். அப்பாவுக்கு அப்படி யாரும் வரவில்லை. எனக்கு வந்தவர் அன்று ராத்திரி நெருப்பு மூட்டி, இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் என்னோடு பேசவே இல்லை. நாவலை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னும் படிக்கவில்லை. ஆகஸ்டில் மறுபடி போகிறோம், லைஃப் ஜாக்கெட்டோடு.