பயனாளி என்றொரு சொல்

நிதி கேட்டு எழுதும் முன்மொழிவையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது, அண்டை வீட்டாருக்குச் சோறாக்கிப் போட்ட பெண்களை நான் ‘பயனாளிகள்’ என்றே எழுதினேன். ஏரியையும் கால்வாயையும் அடைத்தவர்கள் யார் என்ற அவர்களது கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

2020 சட்டத்திருத்தம் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. அறிக்கை எழுதும் செலவும் அதில் அடக்கம். எங்கள் அலுவலகத்தில் அந்த வேலை மூன்று பெண்களின் இரவுகளுக்குள் போனது, ஊதியமில்லாமல். அவர்களது உழைப்பை நான் மறைத்ததுபோலவே எங்களுடையதும் மறைந்தது.

இப்போது அந்தக் கேள்வியை முதல் பத்தியிலேயே எழுதுகிறேன். எங்கள் மணிநேரத்தையும் கணக்கில் காட்டுகிறேன். சில விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன.